குதிரை விற்பனைக்கு: விளம்பரத்தில் சொல்ல வேண்டியது என்ன?

வேலந்தாவளம்: மாட்டை விற்க நினைப்பவருக்குப் பாலக்காட்டு எல்லைப் பகுதியில் வழிக்குப் பஞ்சமில்லை. செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சிச் சந்தை கூடுகிறது. மேற்கே போனால் வியாழன்தோறும் வாணியங்குளம் சந்தை. மாட்டை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் போதும். வாங்க வருபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், மடியைத் தடவிப் பார்ப்பார். பிறகு தரகர் கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, அதன் அடியில் விரலைப் பிடித்து விலையைச் சொல்வார். வாய் திறந்து ஒரு தொகை பேசாமலே வியாபாரம் முடிந்துவிடும்.

குதிரைக்கு இந்த வசதி இல்லை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தைதான் இந்தப் பக்கத்தார் அறிந்த பெரிய சந்தை. அது ஆண்டுக்கு ஒரு முறை. மற்ற மாதங்களில் குதிரையை விற்க வேண்டியவர் என்ன செய்வார்? தெரிந்தவர்களிடம் சொல்லி வைப்பார். பத்திரிகையில் நாலு வரி போடுவார். இப்போது கைப்பேசியில் படம் பிடித்துச் செய்தியும் அனுப்புகிறார். ஆக, மாட்டைக் கண்ணால் பார்த்து வாங்குகிறோம். குதிரையை முதலில் சொல்லை நம்பித்தான் தேடிப் போகிறோம். அந்தச் சொல் எப்படி இருக்க வேண்டும்?

சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் வேலந்தாவளத்துக்கு இந்தக் கேள்வி மிகவும் பொருந்தும். ஊர் எல்லை தாண்டினால் கோவை மாவட்டம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று சுற்றிலும் தமிழர் நிறைந்த ஊர்கள். விற்பவர் ஒரு மாநிலத்தார், வாங்குபவர் இன்னொரு மாநிலத்தார் என்பது இங்கே சர்வ சாதாரணம். இதே தாலுக்காவில் தத்தமங்கலம் ‘அங்காடி வேல’ உற்சவத்தின் குதிரை ஓட்டம் பெயர் பெற்றது. 2021 ஏப்ரலில் கொரோனாக் கட்டுப்பாடுகளை மீறி அந்த ஓட்டம் நடந்து, போலீசார் வழக்குப் பதிவு செய்தது பலருக்கு நினைவிருக்கும். குதிரை மேல் ஆசை உள்ள பூமி இது. ஆனால் ஆசை இருக்கும் அளவுக்கு அனுபவம் எல்லாரிடமும் இருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் விளம்பரம் வந்து நிற்கிறது. அது உண்மை பேசினால் இருவருக்கும் நன்மை. பொய் பேசினால் பணம் மட்டுமா போகும்? சவாரி செய்பவரின் கை கால் போகும். குதிரையின் வாழ்வும் போகும்.

நரி பரியான கதை

குதிரை வியாபாரத்தில் ஏமாந்த கதை தமிழருக்குப் புதிதல்ல. பாண்டிய மன்னன் கொடுத்த பொருளை எடுத்துக்கொண்டு குதிரை வாங்கப் போன வாதவூரர், திருப்பெருந்துறையில் அதைத் திருப்பணிக்குச் செலவிட்டுவிட்டார். சிவபெருமானே குதிரை வியாபாரியாக வந்து, நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்குக் கொண்டுவந்தார் என்பது திருவிளையாடல். மன்னன் பார்த்தான், மகிழ்ந்தான், கயிறு மாற்றிக் குதிரைகள் லாயத்துக்குப் போயின. நள்ளிரவில் அவை மறுபடியும் நரிகளாகி, ஏற்கெனவே இருந்த குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அந்தக் கயிறு. கயிறு கை மாறியபின் நன்மை தீமை வாங்கியவரைச் சேர்ந்தது என்பது பழைய வழக்கம். இன்றும் மாட்டுச் சந்தையில் கயிற்றை மாற்றிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. இறைவன் நடத்தியதால் அது திருவிளையாடல். மனிதன் நடத்தினால் அது வழக்கு.

வரலாற்றிலும் இதற்குச் சான்று இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுப் பக்கமிருந்து கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாததால் அவை மடிந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை இங்கே வரவிடாமல் வியாபாரிகளே தடுத்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் குதிரை விற்கலாம்! வாங்குபவரின் அறியாமையே விற்பவருக்கு முதல் என்ற வியாபாரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சட்டப் புத்தகத்தில் ஒரு குதிரை

‘வாய் திறக்காமல் இருந்துவிட்டால் குற்றமில்லையே’ என்று கேட்பவர்கள் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எழுதியவர்கள் இதே கேள்வியைக் குதிரையை வைத்தே விளக்கியிருக்கிறார்கள். மோசடி என்றால் என்ன என்று சொல்லும் 17-ஆவது பிரிவில் வரும் உதாரணங்கள் இவை.

ஒருவர் தம் குதிரைக்கு உடல் கோளாறு இருப்பது தெரிந்தே அதை ஏலத்தில் விற்கிறார். கோளாறைப் பற்றி வாங்குபவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர் அவருடைய மகள், அதுவும் அப்போதுதான் மேஜரானவள் என்றால், உறவின் காரணமாகவே உண்மையைச் சொல்லும் கடமை தகப்பனுக்கு உண்டு. மூன்றாவது உதாரணம் இன்னும் நுட்பமானது. ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்குக் கோளாறு இல்லை என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குபவர் சொல்கிறார். விற்பவர் பேசாமல் இருக்கிறார். இங்கே அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

ஆகவே வாங்குபவர்கள் இந்த மூன்றாவது உதாரணத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விளம்பரத்தைப் பார்த்து விசாரிக்கும்போதே, ‘உதைக்குமா, கடிக்குமா, நொண்டுமா? நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் இல்லை என்றுதான் அர்த்தம்’ என்று எழுத்தில் கேட்டு வைக்கலாம்.

விற்பவரும் அதே பிரிவில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சும்மா இருப்பது வேறு, தெரிந்த ஒன்றை முனைந்து மறைப்பது வேறு. முனைந்து மறைப்பது மோசடியே. கிழக் குதிரையின் தேய்ந்த பல்லில் குழி தோண்டிக் கருப்பேற்றி இளங்குதிரையாகக் காட்டும் தந்திரத்துக்கு ஆங்கிலேயர் ‘பிஷப்பிங்’ என்று பெயரே வைத்திருந்தார்கள். வயதான குதிரைக்குக் கண்ணுக்கு மேலே விழும் பள்ளத்தில் காற்றை ஏற்றி உப்ப வைப்பதும் அந்தக் காலத் தந்திரங்களில் ஒன்று. இவையெல்லாம் மௌனத்தில் சேராது.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் இங்கே பொருந்தும். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 15-ஆவது பிரிவு. ‘5 வயது, வண்டிக்குப் பழக்கம்’ என்று விளம்பரம் செய்து 12 வயதுக் குதிரையைக் கொடுத்தால், ‘நீங்கள் பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்று தப்பித்துக்கொள்ள முடியாது. விளம்பரத்தில் எழுதும் ஒவ்வொரு வார்த்தைக்கும் இந்த எடை உண்டு.

வாய்ப்பேச்சு போன வழி

எழுத்தில் இல்லாத உறுதி எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒரு வழக்கு சாட்சி. 1854-இல் தீர்ப்பான அந்த வழக்கில் குதிரையின் பெயர் ‘கலிபோர்னியா’. டாட்டர்சால்ஸ் என்னும் புகழ்பெற்ற குதிரை ஏல நிறுவனத்தில் அது விற்பனைக்கு வந்தது. ஏலத்துக்கு முதல் நாள், ஹாப்கின்ஸ் என்பவர் குனிந்து குதிரையின் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரைக்கு உரியவரான டாங்கரே அங்கே வந்து, பார்க்கவே வேண்டியதில்லை, குதிரை எல்லா விதத்திலும் நல்லது என்று உறுதி சொன்னார். ஹாப்கின்ஸ் அதை நம்பிப் பரிசோதனையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். மறுநாள் ஏலத்தில் குதிரையை வாங்கினார். குதிரை கோளாறுள்ளது என்று பிறகு தெரிந்தது. கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். முதல் நாள் பேச்சு ஏல விற்பனையின் நிபந்தனையில் சேராது என்பது தீர்ப்பு.

டாங்கரே பொய் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. அவர் நம்பியதைத்தான் சொன்னார். ஆனாலும் இழப்பு வாங்கியவருக்கு. இதிலிருந்து இரண்டு பாடம். குதிரையைப் பற்றிய முக்கியமான உறுதிமொழி விளம்பரத்திலோ ரசீதிலோ எழுத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு நல்லவர் சொன்னாலும் குனிந்த முதுகை நிமிர்த்தக் கூடாது.

வயதும் உயரமும்

இனி விளம்பரத்துக்கு வருவோம். முதல் வரியிலேயே வர வேண்டியவை: ஆணா, பெண்ணா, காயடித்ததா, வயது, உயரம், நிறம், இனம்.

வயதுக்கு ஆதாரம் பல். குதிரைக்குப் பால் பல் விழுந்து நடுவில் உள்ள முன்பற்கள் இரண்டரை வயதிலும், அதை அடுத்தவை மூன்றரை வயதிலும், ஓரப் பற்கள் நாலரை வயதிலும் முளைக்கின்றன. 5 வயதில் வாய் நிறைந்துவிடும். பிறகு கீழ்த் தாடை முன்பற்களின் மேல் உள்ள குழிகள் நடுவில் 6 வயதிலும், அடுத்து 7-லும், ஓரத்தில் 8-லும் மறைகின்றன. 10 வயது வாக்கில் மேல் தாடை ஓரப் பல்லில் ஒரு கோடு தோன்றி, 20 வயதில் பல்லின் நீளம் முழுக்க இறங்கும். 8 வயதுக்கு மேல் சொல்வதெல்லாம் ஏறத்தாழக் கணக்குத்தான். ஆகவே ‘வயது 9 இருக்கும், பல் பார்த்துச் சொன்னது’ என்று எழுதுவது நேர்மை. ‘7 வயது’ என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் பிறந்த தேதிக்குச் சான்று வேண்டும். தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழி சொல்வது தானத்துக்கு மட்டும். காசு கொடுத்து வாங்கும் குதிரைக்கு அல்ல.

எல்லைப்புறத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. ‘வருகிற ஆடியில் நாலு முடிகிறது’ என்று எழுதினால் தமிழர் புரிந்துகொள்வார்கள். மலையாளிக்கு அது கர்க்கடகம். நம் ஆவணி அவர்களுக்குச் சிங்ஙம். ஆண்டே அங்கிருந்துதான் தொடங்குகிறது. இரு மொழிக்காரரும் படிக்கும் விளம்பரத்தில் ஆங்கில மாதத்தைப் போட்டுவிட்டால் குழப்பமில்லை.

உயரத்தைப் பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும், தலையிலிருந்து அல்ல. ஆங்கில முறையில் உயரத்தைக் ‘கை’ என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம். 15.2 என்று எழுதினால் 15 கையும் 2 அங்குலமும், அதாவது 62 அங்குலம் என்று பொருள். அதைப் பதினைந்தரைக் கை என்று படிக்கக் கூடாது என்பார்கள். அரைக் கை 2 அங்குலம் என்பதால் இந்த ஓர் அளவில் மட்டும் இரண்டும் ஒன்றாகவே வரும். 15.3 என்றாலோ 63 அங்குலம். அங்கேதான் புள்ளிக் கணக்குப் போட்டவர் தடுமாறுவார். அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் எழுதிவிட்டால் தொல்லை இல்லை. பொதுவாக 58 அங்குலத்துக்குள் இருப்பதை மட்டக்குதிரை என்பார்கள்.

நிறத்துக்கு அந்தியூர் போன்ற சந்தைகளில் வடக்கத்தி வார்த்தைகளும் புழங்குகின்றன. இளஞ்சிவப்புத் தோலோடு கூடிய வெள்ளை நுக்ரா, கருப்பு முஷ்கி, இரு நிறத் திட்டு அப்லக். தெரிந்தவருக்கு அவை சுருக்கம், தெரியாதவருக்குப் புதிர். பக்கத்தில் தமிழில் ஒரு வார்த்தை சேர்த்தால் கெட்டுப்போகாது. இனத்தின் பெயரிலும் கவனம் தேவை. காது நுனி உள்நோக்கி வளைந்திருந்தால் உடனே மார்வாரி, கத்தியவாரி என்று எழுதிவிடுகிறார்கள். பதிவுச் சான்று இருந்தால் இனத்தைச் சொல்லலாம். இல்லாவிட்டால் ‘கலப்பு’ என்பதே சரி.

சுழி

சுழி பார்ப்பவருக்குச் சுழியையும் சொல்லிவிட வேண்டும். மாட்டுக்குப் பாடைச் சுழி, விலங்குச் சுழி என்று விலக்குவது போலக் குதிரைக்கும் நல்ல சுழி, கெட்ட சுழி என்ற கணக்கு நெடுங்காலமாக உண்டு. விராட மன்னன் லாயத்தில் குதிரை பார்த்த நகுலன் பெயராலேயே அசுவ சாஸ்திரம் வழங்குகிறது. சுழிக்கும் குதிரையின் காலுக்கும் சம்பந்தமில்லை என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். அது இருக்கட்டும். நம்பிக்கை உள்ளவர் பல மைல் பயணம் செய்து வந்து, சுழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் யாருக்கு லாபம்? ‘சுழி சுத்தம்’ என்று வெறுமனே எழுதுவதைவிட, நெற்றியும் கழுத்தும் தெரியும்படி ஒரு படம் போட்டுவிடலாம். நம்பாதவருக்கு நஷ்டமில்லை; நம்புபவருக்கு அலைச்சல் மிச்சம்.

என்ன வேலை தெரியும்?

‘எல்லா வேலைக்கும் உகந்தது’ என்ற வாசகம் எந்த வேலைக்கும் உதவாது. ஜட்காவில் பூட்டிய குதிரை வேறு. மாப்பிள்ளை ஊர்வலத்தில் நடக்கும் குதிரை வேறு. பந்தயக் குதிரை வேறு. மலைவாசஸ்தலத்தில் பிள்ளைகளை ஏற்றி நடக்கும் மட்டக்குதிரை வேறு. கல்யாண வீட்டுக்கு வாங்குபவருக்கு வேகம் தேவையில்லை. நாதஸ்வரமும் தவிலும் அதிர்வேட்டும் முழங்கும்போது அது நின்ற இடத்தில் நிற்குமா என்பதுதான் கேள்வி. வண்டிக்கு வாங்குபவருக்கு அழகு தேவையில்லை. லாரி ஒன்று ஒலிப்பானை அடித்துக்கொண்டு பக்கத்தில் போனால் என்ன செய்யும் என்று தெரிய வேண்டும்.

ஆகவே போன மாதம் வரை அது எந்த வேலை செய்தது, எத்தனை நாளைக்கு ஒரு முறை, யார் ஓட்டினார்கள் என்று எழுத வேண்டும். ‘வேலை பழகியது’ என்பதையும் ‘வேலை பழகிக்கொண்டிருக்கிறது’ என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆறு மாதமாக லாயத்தில் சும்மா நிற்கும் குதிரை என்றால் அதையும் சொல்ல வேண்டும். என்ன தின்கிறது என்று ஒரு வரி. கொள்ளு எவ்வளவு, புல் எவ்வளவு என்று தெரிந்தால் புது இடத்தில் வயிற்று நோவு வராமல் பழைய தீனியிலேயே தொடங்கலாம். மார்க்கோ போலோ காலத்து வியாபாரிகள் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

குறையைச் சொன்னால் விலை குறையுமா?

விளம்பரம் எழுதுகிறவர்கள் தயங்கும் இடம் இது. குதிரைக்குக் கொம்பு இல்லாதது அதன் குணம் அறிந்துதான் என்பார்கள். குறை இல்லாத குதிரை கிடையாது. ஒன்று லாடம் அடிக்கும்போது பின்காலை இழுக்கும். ஒன்று மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டாது. ஒன்று தனியாக விட்டால் கனைத்து ஊரைக் கூட்டும். ஒன்று வேனில் ஏற மறுக்கும். இவற்றை எழுதினால் வாங்க வருபவர் எண்ணிக்கை குறையும் என்பது உண்மை. பத்துப் பேர் வந்து பார்த்துப் போவதற்குப் பதிலாக மூன்று பேர் வருவார்கள். ஆனால் அந்த மூன்று பேரும் இந்தக் குறையோடு வாங்கத் தயாராக வருபவர்கள். அங்கே விலை பேச்சு சுலபம். குறையை வாங்குபவர் தானே கண்டுபிடித்தால், அது ஒன்றுக்காக மட்டும் விலையைக் குறைக்க மாட்டார்; இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறாரோ என்று எண்ணி, தெரியாத குறைக்கும் சேர்த்துக் குறைப்பார்.

குறைகளில் இரண்டு வகை. காதில் ஒரு வெட்டு, முட்டியில் பழைய வடு, நிறத்தில் திட்டு இவையெல்லாம் பார்வைக் குறை. நொண்டுவது, மூச்சு வாங்குவது, கண் மங்குவது, மிரண்டு ஓடுவது இவை வேலையைக் கெடுக்கும் குறை. முதல் வகையைச் சொல்லாமல் விட்டால் வருத்தம். இரண்டாவது வகையைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து. மிரண்டு ஓடும் குதிரையை ‘சுறுசுறுப்பானது’ என்று எழுதுவது வார்த்தை ஜாலம். அந்தக் குதிரை மீது நாளை ஏறப்போவது குதிரையே ஏறாத ஒரு பள்ளிக்கூடப் பையனாக இருக்கலாம்.

ஏன் விற்கிறோம் என்ற காரணத்தையும் ஒரு வரியில் சொல்வது நல்லது. அதைப் படிக்காமல் யாரும் விடுவதில்லை, இல்லாவிட்டால் ஊகித்துக்கொள்வார்கள். வண்டித் தொழிலை விட்டாயிற்று, மகன் வெளியூர் போய்விட்டான், தீனி கட்டுப்படியாகவில்லை என்று உள்ளதைச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சான்றுகள்

குதிரைக்கு வரும் நோய்களில் கிளாண்டர்ஸ் மிகவும் கொடியது. மூக்கு ஒழுகல், தோலில் புண் என்று வரும் இந்த நோய் குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளைத் தாக்குவதோடு மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியான குதிரையைக் காப்பாற்ற வழியில்லை. சட்டப்படி கருணைக் கொலை செய்துவிட வேண்டும். ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான ரத்தப் பரிசோதனையைச் செய்கிறது. பரிசோதனை அறிக்கையும் அதன் தேதியும் விளம்பரத்தில் இருந்தால் வாங்குபவருக்கு நிம்மதி. புதுக் குதிரையால் லாயத்தில் ஏற்கெனவே நிற்கும் குதிரைகளுக்கும் ஆபத்து வரலாம் என்பதைப் பாண்டியன் கதையே சொல்கிறதே! குதிரைக்கு எளிதில் வரக்கூடிய டெட்டனஸ் நோய்க்குத் தடுப்பூசி எப்போது போட்டது, குடற்புழு மருந்து எப்போது கொடுத்தது, லாடம் எப்போது மாற்றியது என்பவற்றுக்கும் தேதி வேண்டும். பெண் குதிரையானால் சினையா இல்லையா என்பதும் முக்கியம்; 11 மாதம் சுமக்கும் பிராணி அது.

எல்லை தாண்டுவதற்கு இன்னொரு காகிதம் உண்டு. குதிரையை வண்டியிலோ ரயிலிலோ ஏற்றிச் செல்ல, அது பயணத்துக்குத் தகுதியானது, தொற்று நோய் இல்லாதது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று வேண்டும் என்கின்றன 1978-ஆம் ஆண்டின் பிராணிகள் போக்குவரத்து விதிகள். இந்தச் சான்றை வாங்கித் தருவது யார் பொறுப்பு, வண்டிச் செலவு யாருடையது என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால் நடு வழியில் தகராறு வராது.

விலை

‘விலை நேரில்’ என்று போடுவது துண்டுக்கு அடியில் பேசிய பழக்கத்தின் மிச்சம். அங்கே பொருள் கண் முன்னே நின்றது, இங்கே இல்லை. விலை போடாவிட்டால் வாங்க முடியாதவர்களும் வந்து நேரத்தைக் கெடுப்பார்கள்; வாங்கக் கூடியவர்களில் சிலர் கேட்கக் கூசி வராமலே இருந்துவிடுவார்கள்.

விலையைத் தெளிவாகவும் போட வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவில் மறுபடியும் ஒரு குதிரை வருகிறது. ‘என் வெள்ளைக் குதிரையை 500 ரூபாய்க்கோ 1,000 ரூபாய்க்கோ விற்கிறேன்’ என்று ஒருவர் ஒத்துக்கொண்டால், எந்த விலை என்று தெரியாததால் அந்த ஒப்பந்தமே செல்லாது.

இங்கிலாந்தில் 1862-இல் முடிவான பெல்ட்ஹவுஸ் வழக்கிலும் தொடக்கம் விலைக் குழப்பம்தான். குதிரையை 30 பவுனுக்குப் பேசியதாக மாமா நினைத்தார். 30 கினி என்று மருமகன் நினைத்தார். கினி என்பது 21 ஷில்லிங், பவுன் என்பது 20. வித்தியாசத்தைப் பாதியாக்கி 30 பவுன் 15 ஷில்லிங் என்று மாமா கடிதம் எழுதி, ‘மறு பேச்சு இல்லாவிட்டால் குதிரை என்னுடையது’ என்றார். மருமகன் பதில் எழுதவில்லை. ஏலக்காரர் தவறுதலாகக் குதிரையை வேறொருவருக்கு விற்றுவிட்டார். பதில் வராத மௌனம் சம்மதமாகாது என்று சொல்லி மாமாவின் வழக்கைக் கோர்ட் தள்ளியது. சொந்தக்காரர்களுக்குள்ளேயே இப்படி என்றால் விளம்பரம் பார்த்து வரும் அந்நியரைப் பற்றிக் கேட்க வேண்டுமா? ஒரே தொகை, சேணமும் கடிவாளமும் வண்டியும் அதில் சேருமா சேராதா என்ற விவரம், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது, இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும்.

படம்

பாய்ந்து வரும் குதிரையின் படம் அழகு. ஆனால் அதில் கால் தெரியாது. சமதரையில், சேணமில்லாமல், பக்கவாட்டில் நாலு காலும் தெரிய நிற்கும் படம் ஒன்று. முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. பல் தெரிய ஒன்று. இப்போது கைப்பேசி இருப்பதால், கல் தரையில் நடந்து வருவதைச் சிறிய வீடியோவாக எடுக்கலாம். நொண்டல் இருந்தால் குளம்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். மூன்று ஆண்டுக்கு முன் எடுத்த படத்தைப் போடுவது இன்றைய குதிரையை விற்பதாகாது.

இரண்டு மாதிரிகள்

மேலே சொன்னவற்றை வைத்து இரண்டு விளம்பரங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் உதாரணத்துக்காக எழுதியவை.

‘ராஜ லட்சணம் பொருந்திய அழகிய குதிரை. மின்னல் வேகம். எல்லா வேலைக்கும் உகந்தது. சுழி சுத்தம். விலை நேரில். முந்துங்கள்!’

‘பெண் குதிரை. வயது சுமார் 9, பல் பார்த்துச் சொன்னது. உயரம் 56 அங்குலம் (142 செ.மீ.). செம்பழுப்பு; நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கலப்பினம், சான்று இல்லை. மூன்று ஆண்டாக ஒற்றை வண்டியில் பழக்கம். அனுபவமுள்ள பெரியவர் சவாரி செய்யலாம், பிள்ளைகளுக்கு ஆகாது. லாரிச் சத்தத்துக்கு ஒதுங்கும். மேளத்துக்குப் பழக்கமில்லை. லாடம் அடிக்கும்போது பின்காலை இழுக்கும். கடிக்காது. சினை இல்லை. கிளாண்டர்ஸ் பரிசோதனை அறிக்கையும் தடுப்பூசிச் சீட்டும் உண்டு. வண்டித் தொழிலை விடுவதால் விற்பனை. விலை ஒரே தொகை, வண்டி சேராது. காலை 6 மணிக்கு லாயத்திலிருந்து அவிழ்ப்பது முதல் பார்க்கலாம். உங்கள் மருத்துவரையும் அழைத்து வரலாம்.’

முதல் விளம்பரத்தில் குதிரை என்ற வார்த்தையை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிள் என்று போட்டால்கூடப் பெரும்பாலும் பொருந்திவிடும். இரண்டாவதில் ஒரு குறிப்பிட்ட குதிரை கண் முன் நிற்கிறது. காலையில் அவிழ்ப்பதிலிருந்து பார்க்கலாம் என்ற வரிக்கும் காரணம் உண்டு. முதல் அடியில் நொண்டி, உடம்பு சூடேறியபின் சரியாகிவிடும் குதிரைகள் உண்டு. அனுபவசாலிகள் வந்ததும் குதிரையின் மேல் கை வைத்துப் பார்ப்பார்கள். வியர்த்துச் சூடாக இருந்தால், தான் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார்கள்.

குதிரையின் கதி

குதிரை 25 ஆண்டும் அதற்கு மேலும் வாழக்கூடியது. ஒரே எஜமானிடம் ஆயுள் முழுவதும் இருக்கும் குதிரைகள் குறைவு. இரண்டு, மூன்று என்று கை மாறிக்கொண்டே போகும். பொருந்தாத இடத்தில் போய்ச் சேர்ந்த குதிரை, ‘சண்டி’ என்று பெயர் வாங்கி, ஒவ்வொரு விற்பனையிலும் விலை இறங்கி, கடைசியில் தீனி போடக்கூட ஆளில்லாமல் நிற்கும். ஊட்டியில் உரியவர்களே அவிழ்த்துவிட்ட குதிரைகள் தெருவில் திரிந்து, குப்பையில் மேய்ந்து, வாகனங்களில் அடிபடுவது அடிக்கடி செய்தியாகிறது. ஒவ்வொரு குதிரைக்கும் இது நேர்வதில்லை. ஆனால் தவறான ஆளிடம் விற்பது இந்தப் பாதையில் முதல் அடி.

காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், காற்றைப் போலப் பறக்கவும் வேண்டும் என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதும் விளம்பரத்தில்தான் மின்னலும் ராஜ லட்சணமும் வருகின்றன. அடுத்த ஆடி வரை காத்திராமல் வேலந்தாவளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ குதிரையை விற்க இருப்பவர், விளம்பரத்தை எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன் ஒரு முறை வாங்குபவராக இருந்து படித்துப் பார்க்கட்டும். ‘இதை மட்டும் நம்பி என் பிள்ளையை இந்தக் குதிரை மேல் ஏற்றுவேனா?’ என்று தம்மையே கேட்கட்டும். தயக்கம் வந்தால், எழுதாமல் விட்ட வரி எது என்று அவருக்கே தெரிந்திருக்கும். அதையும் சேர்த்து எழுதிவிட்டு அனுப்பலாம்.